96-க்கு 64: கிராஃபிங் கால்குலேட்டரில் தமிழ் எழுத்து

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ-84 பிளஸ் 2004-இல் வந்த, வரைபடமும் போட்டுக் காட்டும் கால்குலேட்டர். உள்ளே ஓடுவது இசட்80 சில்லு. அதன் வடிவமைப்பு 1976-ஐச் சேர்ந்தது. வேகம் 15 மெகாஹெர்ட்ஸ். திரை 96 பிக்சல் அகலம், 64 பிக்சல் உயரம். ஒரு பிக்சல் ஒன்று கறுப்பாக இருக்கும், இல்லையென்றால் இருக்காது. இடையில் சாம்பல் நிறம் என்று எதுவும் கிடையாது. இந்தத் திரையில் தமிழை வாசிக்கும்படி கொண்டுவர முடியுமா என்று பார்த்தேன். வந்துவிட்டது. எப்படி வந்தது, எங்கெங்கே இழுத்தடித்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

சிங்கப்பூரில் ஜூனியர் கல்லூரிக் கணக்குப் பாடத்துக்கு இந்த மாதிரிக் கருவி தேவை. தேர்வு முடிந்ததும் பெரும்பாலானவை இழுப்பறைக்குள் போய்விடும். என் கைக்கு வந்தது அண்ணன் மகளுடையது. நான் அதை எதற்குக் கேட்கிறேன் என்று தெரிந்ததும், "சித்தப்பா, அதுல தமிழ் வந்து யாருக்கு என்ன ஆகப்போகுது?" என்றாள். நியாயமான கேள்விதான். அவள் தம்பிக்கு மனப்பாடம் செய்ய 'அல்லும் பகலும்' போன்ற இணைமொழிகளின் பட்டியல் ஒன்று இருந்தது. அதை இதில் ஏற்றித் தருகிறேன் என்று சமாளித்தேன். வேலைக்கு ஓர் இலக்கும் கிடைத்தது.

முதலில் பேட்டரி அறை. நான்கு டிரிபிள் ஏ பேட்டரிகளில் ஒன்று கசிந்து, சுருள்கம்பியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஆல்கலைன் பேட்டரியில் கசிவது காரம். அதனால் வினிகரில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் தொட்டால் நுரைத்துக் கரையும். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் இன்னொரு முறை துடைத்துக் காயவிட வேண்டும். கம்பி நாரால் தேய்க்காதீர்கள், அதன் துகள் உள்ளே விழுந்தால் வேறு வம்பு. பச்சை பிடித்திருந்த ஒரு தகட்டை மெல்லிய உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்தேன், பளபளத்துவிட்டது. பின்பக்கத்தில் தனியாக ஒரு பட்டன் பேட்டரியும் உண்டு. பெரிய பேட்டரிகளை மாற்றும்போது நினைவகம் அழியாமல் காப்பது அதுதான். பழைய கருவி என்றால் அதையும் மாற்றிவிடுவது நல்லது.

நான்கு பைட்டில் ஒரு நிரல்

இந்தக் கருவியில் நிரல் எழுத இரண்டு வழிகள். ஒன்று, அதிலேயே இருக்கும் டிஐ-பேசிக். கணக்குக்குப் போதும், ஆனால் பிக்சல் பிக்சலாக வரையச் சொன்னால் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும்படி நிதானமாக ஊரும். இன்னொன்று, இசட்80-இன் இயந்திர மொழி. தமிழுக்கு இரண்டாவதுதான்.

கம்ப்யூட்டரே இல்லாமலும் இதைத் தொட்டுப் பார்க்கலாம். புதிய நிரல் ஒன்றைத் திறந்து, கேட்டலாக் எனும் கட்டளைப் பட்டியலிலிருந்து 'ஏஎஸ்எம்பிஆர்ஜிஎம்' என்ற கட்டளையை முதல் வரியில் போடுங்கள். அடுத்த வரியில் பதினாறடிமானத்தில் (0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப் வரை போகும் எண்முறை) இஎஃப், 40, 45, சி9 என்று நான்கு பைட்டுகள். வெளியே வந்து அதே கேட்டலாக்கிலிருக்கும் 'ஏஎஸ்எம்' கட்டளைக்குள் நிரலின் பெயரைக் கொடுத்து ஓடவிட்டால் திரை துடைக்கப்படும். அவ்வளவுதான்.

அந்த நான்கு பைட்டுக்குள் முக்கியமான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. இஎஃப் என்பது இயங்குதளத்தைக் கூப்பிடும் அழைப்பு. அடுத்த இரண்டும் எந்தச் சேவை வேண்டும் என்கிற எண். கடைசி பைட் முன்னே வரவேண்டும் என்பதால் 4540 என்பது 40, 45 ஆகிறது. சி9 என்றால் திரும்பிப் போ. இசட்80 ஒரே நேரத்தில் 64 கிலோபைட்டைத்தான் பார்க்கும், இங்கே ஃபிளாஷ் நினைவகமோ 1 மெகாபைட். ஆகவே ஃபிளாஷை 16 கிலோபைட் பக்கங்களாகப் பிரித்து, வேண்டிய பக்கத்தை ஒரு சன்னல் வழியாக மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். சேவை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடி, அந்தப் பக்கத்தைச் சன்னலில் வைத்து, வேலை முடிந்ததும் பழைய பக்கத்தைத் திரும்ப வைப்பது இந்த அழைப்பின் பொறுப்பு. நமக்குச் சேவையின் எண் தெரிந்தால் போதும். முந்தைய மாடலான 83 பிளஸுக்கு எழுதியது 84 பிளஸிலும் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். உள்ளே சேவை இருக்கும் இடம் மாறினாலும் அதன் எண் மாறுவதில்லை.

இந்தக் கதவு எப்போதும் திறந்தே இருந்ததில்லை. 1992-இல் வந்த டிஐ-85-இல் இயந்திர மொழிக்கு அதிகாரபூர்வமான வழி எதுவும் இல்லை. கம்ப்யூட்டரில் எடுத்து வைக்கும் நினைவகப் பிரதியைத் திருத்தித் திரும்ப ஏற்றினால் தங்கள் நிரலுக்குள் நுழையலாம் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். இசட்ஷெல் என்ற நிரல் அப்படி 1994-இல் பிறந்தது. 1999-இல் வந்த 83 பிளஸில் நிறுவனமே கட்டளையாகக் கொடுத்துவிட்டது.

2009-இல் பெஞ்சமின் மூடி என்ற ஆர்வலர், 83 பிளஸின் இயங்குதளத்துக்குக் கையொப்பமிடும் 512 பிட் ஆர்எஸ்ஏ சாவியை (நிறுவனம் தந்த இயங்குதளத்தை மட்டும் கருவி ஏற்கச் செய்யும் ரகசிய எண்) வீட்டுக் கம்ப்யூட்டரில் காரணிப்படுத்தி, அதாவது உடைத்துக் காட்டினார். மற்ற மாடல்களின் சாவிகளையும் ஆர்வலர்கள் கூட்டாகக் கணினிநேரம் திரட்டி உடைத்தார்கள். நிறுவனத்திடமிருந்து சட்ட அறிவிப்புகள் பறந்தன, எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு ஆர்வலர்கள் பக்கம் நின்றது. பிறகு 2020-இல், வண்ணத்திரை கொண்ட 84 பிளஸ் சிஇ மாடலுக்கு வந்த இயங்குதளப் புதுப்பிப்பு, இயந்திர மொழிக் கதவை அடைத்தது. கொஞ்ச காலத்திலேயே வேறொரு சந்து கண்டுபிடிக்கப்பட்டது என்பது தனிக்கதை.

கதவை அடைத்ததற்குத் தேர்வுப் பாதுகாப்பைத்தான் காரணமாகச் சொன்னார்கள். அதற்குக் கருவியையே பூட்ட வேண்டுமா என்பது என் கேள்வி. இங்கே தேர்வுக்குமுன் நினைவகத்தை முழுவதும் அழிக்கச் சொல்கிறார்கள், அதுவே போதும் என்று நினைக்கிறேன். என் கையிலிருப்பது கறுப்பு வெள்ளைப் பழைய மாடல் என்பதால் இந்தப் பூட்டு விவகாரம் என்னைத் தொடவில்லை.

கம்ப்யூட்டர் பக்கம் மூன்று கருவிகள் போதும். இயந்திரக் கட்டளைகளைச் சொற்களாக எழுதும் அசெம்ப்ளியை இயந்திர மொழியாக்க ஸ்பாஸம்-என்ஜி, கோப்பை ஏற்ற டிஐஎல்பி, கருவியில் ஏற்றுமுன் ஓட்டிப் பார்க்க, கம்ப்யூட்டரிலேயே கருவியைப் போல நடிக்கும் டில்எம் எமுலேட்டர். மூன்றும் இலவசம், லினக்ஸில் ஓடும். எமுலேட்டருக்கு ரோம் கோப்பு, அதாவது கருவியின் உள் மென்பொருளின் நகல், வேண்டும். அதை இணையத்தில் தேடாமல் சொந்தக் கருவியிலிருந்து எடுத்துக்கொள்வதுதான் முறை. கேபிள் மினி யுஎஸ்பி. பழைய கேமரா கேபிள் ஒன்று அப்படியே பொருந்தியது.

247 எழுத்து, எத்தனை படம்?

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. கூட்டினால் 247. ஒவ்வொன்றுக்கும் தனிப் படம் வரைந்தாலும் நினைவகம் தாங்கும். வரைகிறவன் தாங்கமாட்டான். ஆகவே எதை வரைவது, எதை ஒட்டுவது என்று பிரித்தேன்.

ஆகாரத்துக்கு ா, எகரத்துக்கு ெ, ஏகாரத்துக்கு ே, ஐகாரத்துக்கு ை. இந்த நான்கும் மெய்யின் முன்னோ பின்னோ தனியாக நிற்பவை. ஒகர ஓகாரங்கள் இவற்றையே இரண்டு பக்கமும் வைப்பதால் வருகின்றன. ஔகாரத்துக்கு ெ-யும் ள-வும் போதும். தனி எழுத்தான ஔ-வும் ஒ-வுக்குப் பின்னால் ள வைத்தால் வந்துவிடும். மெய்யின் புள்ளி மேலே ஒட்டுவது. இகர ஈகாரக் கொக்கிகளும் அப்படியே, டி-யும் டீ-யும் தவிர. ட-வில் கொக்கி மேலிருந்து தொடங்காமல் கீழ்க்கோட்டின் முனையிலிருந்து எழும்புவதால் இரண்டையும் தனியாக வரைய வேண்டியதுதான்.

மிச்சம் உகரமும் ஊகாரமும். இங்கேதான் தமிழ் கையை விரித்துவிடுகிறது. கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து இன்னொரு மாதிரி, மு வேறு மாதிரி, ரு அதற்கும் வேறு. 18 மெய்க்கும் இரண்டிரண்டாக 36 வடிவம். தூ, நூ, லூ போன்றவற்றில் உகர வடிவத்தோடு ஒரு கால் சேர்கிறது என்று பார்த்து அங்கே கொஞ்சம் ஒட்டுவேலை செய்யலாம். ஆனால் 7 பிக்சல் உயரத்தில் ஒட்டு பளிச்சென்று தெரிந்தது. முப்பத்தாறையும் தனித்தனியாகவே வரைந்துவிட்டேன். ஜு, ஷு போன்ற கிரந்த எழுத்துகளுக்கு உகரக் குறி பக்கத்தில் தனியாக நிற்பதால் அங்கே சிரமமில்லை.

1978-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு இந்த இடத்தில் மனதாரக் கும்பிடு போட்டேன். ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகாரங்கள், அப்புறம் ணை, லை, ளை, னை என்று 13 எழுத்துகள் அதற்குமுன் கொம்பும் தும்பிக்கையுமாகத் தனி வடிவில் இருந்தன. பெரியார் பல்லாண்டுகளாகத் தம் இதழ்களில் கையாண்டுவந்த மாற்றம் அது. பழைய வடிவங்களே நின்றிருந்தால் அந்த ஐகாரங்கள் நான்கும் எனக்குத் தனிப் படங்கள். ணை-யின் தும்பிக்கையை 7 பிக்சலில் வளைப்பதை நினைத்தாலே வேர்க்கிறது.

ஆக மொத்தம் எழுத்துப் படங்கள் எண்பதுக்குச் சற்று மேல். எண்களும் நிறுத்தக்குறிகளும் சேர்ந்து நூறை எட்டவில்லை.

அடுத்து உயரம். தமிழுக்கு மேலேயும் இடம் வேண்டும், கீழேயும் வேண்டும். மேலே புள்ளியும் கொக்கியும், கீழே உகர வால். உடலுக்கு 7 பிக்சலுக்குக் குறைந்தால் க-வின் வயிறு அடைத்துக்கொள்கிறது. மேலே 3, உடல் 7, கீழே 2 என்று 12 வைத்தேன். ஐந்து வரி என்றால் 60, வரிகளுக்கு இடையே ஒவ்வொரு பிக்சலாக 4. சரியாக 64. இது தானாக அமைந்ததல்ல. வாலுக்கு 3 கொடுக்க ஆசைதான், ஆனால் கொடுத்தால் ஐந்தாவது வரி போய்விடும். வாலை வெட்டினேன்.

அகலம் எழுத்துக்கு எழுத்து வேறு. ர-வுக்கு 5, க-வுக்கும் ம-வுக்கும் 7, த-வுக்கு 8, ன-வுக்கு 10, ண-வுக்கு 13. எல்லாவற்றுக்கும் ஒரே அகலம் என்று வைத்தால் ர-வைச் சுற்றி வெட்டவெளியும் ண-வுக்குள் நெரிசலுமாகிவிடும். தட்டச்சுப் பொறிக்காரர்கள் இதோடு எப்படி மல்லுக்கட்டியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டேன்.

வரைவதற்கு மென்பொருள் எதுவும் தேடவில்லை. சாதாரண உரைக் கோப்பில் கறுப்புக்கு ஒரு குறி, வெற்றிடத்துக்கு ஒரு குறி என்று பன்னிரண்டு வரி. ஒரு பைத்தான் நிரல் அதைப் படித்து பைட்டுகளாக்கும். திருத்துவது எளிது, கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்ப்பதும் எளிது.

கம்ப்யூட்டரில் அழகாகத் தெரிவது கருவியில் அப்படியே தெரிவதில்லை. இந்தத் திரையின் பிக்சலுக்குக் கூர்மை போதாது, பக்கத்துப் பிக்சலின் நிழல் கொஞ்சம் படியும். ண-வின் சுழிக்குள் ஒரு பிக்சல் வெளிச்சம் விட்டிருந்தேன். அது கறுப்புப் பொட்டாக மூடிக்கொண்டது. இரண்டு பிக்சல் விட்டதால்தான் அகலம் 13 வரை போனது. மெய்ப்புள்ளி ஒற்றைப் பிக்சலாக இருந்தபோது திரையில் ஒட்டிய தூசு மாதிரி இருந்தது, இரண்டுக்கு இரண்டாக ஆக்கினேன். புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு வரி வெற்றிடம் கட்டாயம். அதுவும் இல்லையென்றால் ப் என்பது மூடி போட்ட டப்பா ஆகிவிடுகிறது.

ர-வும் ா-வும் இன்னொரு தலைவலி. 5 பிக்சலில் இரண்டும் ஒன்றேதான். வேறுபடுத்துவது ர-வின் சாய்ந்த கால் மட்டும். வாலுக்கென்று ஒதுக்கிய இரண்டு வரிகளையும் முழுதாகப் பயன்படுத்தி அந்தக் காலை இழுத்தேன். எ, ஏ-க்கும் அதே வைத்தியம். ே-யின் மேல்சுழிக்குப் புள்ளிக்கான மேல் இடத்தைக் கடன் வாங்கினேன். முழுக்கத் திருப்தியில்லாதது ஞ. எத்தனை தடவை மாற்றினாலும் அது ஞ-வாகத் தெரிவது பக்கத்து எழுத்துகளின் தயவில்தான். 'அஞ்சல்' என்று எழுதினால் தெரிகிறது, தனியாக வைத்தால் சந்தேகம் வருகிறது.

வரிசைப்படுத்துவது யார் வேலை

இந்த முயற்சியில் சரியாக எடுத்த முடிவு ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: எழுத்தைக் கோக்கும் வேலை முழுவதையும் கம்ப்யூட்டரிலேயே முடித்துவிடுவது. கருவிக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை.

யூனிகோடில் 'கெ' என்பது க, அப்புறம் ெ. திரையில் ெ முன்னால் வரவேண்டும். இந்த இடமாற்றத்தை ஃபோனிலும் உலாவியிலும் ஹார்ஃப்பஸ் போன்ற மென்பொருள் காட்டும் நேரத்தில் செய்கிறது. அதைக் கால்குலேட்டருக்குள் அசெம்ப்ளியில் எழுத முடியாது என்றில்லை. ஆனால் ஏற்றுகிற உரை மாறப்போவதில்லை, வாசிக்கத்தான் போகிறோம். எனவே பைத்தான் நிரல் உரையைப் படித்து, எந்தப் படத்துக்குப் பின் எந்தப் படம் என்று எண்வரிசையாக்கித் தரும். 'கொ' என்றால் மூன்று எண்: ெ, க, ா. 'கு' என்றால் ஒரே எண். 'க்' என்றால் இரண்டு: க, அப்புறம் புள்ளி.

மேலே ஒட்டும் புள்ளிக்கும் கொக்கிகளுக்கும் 128-க்கு மேற்பட்ட எண் கொடுத்தேன். காரணம் இசட்80-இன் வசதி. 128-உம் அதற்கு மேலும் என்றால் பைட்டின் தலை பிட் 1, அதை ஒரே சோதனையில் பார்த்துவிடலாம். தலை பிட் இருந்தால் முந்தைய எழுத்தின் தலையில் ஒட்டு, இல்லையென்றால் அடுத்த இடத்தில் வை. எங்கே ஒட்டுவது என்பது எழுத்துக்கு எழுத்து வேறு: ப-வில் நடுவில், ட-வில் சற்று இடப்பக்கம். அதற்காக ஒவ்வொரு படத்தோடும் ஒரு பைட் கூடுதல். படத்துக்கு 24, அகலத்துக்கு 1, ஒட்டுமிடத்துக்கு 1, ஆக ஓர் எழுத்துக்கு 26 பைட். மொத்த எழுத்துருவும் சுமார் இரண்டரை கிலோபைட்.

வரி உடைப்பதையும் அதே பைத்தான் நிரலே பார்த்துக்கொள்கிறது. அகலங்கள் தெரியும் என்பதால் சொற்களைக் கூட்டிக்கொண்டே போய் 96-ஐத் தாண்டினால் அடுத்த வரி. 'கண்ணும் கருத்தும்' 91 பிக்சலில் ஒரே வரியில் உட்கார்ந்தபோது ஒரு சின்னச் சந்தோஷம்.

உரையைத் தயாரிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணையத்திலிருந்து வெட்டி ஒட்டிய தமிழில் ொ சில இடத்தில் ஒரே குறியாகவும் சில இடத்தில் ெ, ா என்று இரண்டு குறியாகவும் இருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பைத்தானிலேயே யூனிகோடைச் சீர்படுத்தும் வசதி இருக்கிறது, முதல் வேலையாக அதைச் செய்துவிட்டால் இது தீரும். ா இருக்க வேண்டிய இடத்தில் ர தட்டியிருப்பதை, ௌ இருக்க வேண்டிய இடத்தில் ெ-யும் ள-வும் தட்டியிருப்பதை எந்தச் சீர்படுத்தலும் பிடிக்காது. பிந்தியது என் எழுத்துருவில் எப்படியும் ஒரே மாதிரிதான் தெரியும் என்பதால் விட்டுவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளும் வந்து ஒட்டியிருக்கும். தெரியாத குறி வந்தால் நிரல் சத்தம்போட்டு நிற்கட்டும் என்று வைத்திருக்கிறேன். பேசாமல் தாண்டிப்போகிற நிரலை நம்பக் கூடாது.

வரைதல்

கருவியில் வரைபடத்துக்கென்று நினைவகத்தில் 768 பைட் ஒதுக்கியிருக்கிறது. வரிக்கு 12 பைட், 64 வரி. பைட்டுக்கு எட்டு பிக்சல். அதன் முகவரி பதினாறடிமானத்தில் 9340. அங்கே வரைந்துவிட்டு இயங்குதளத்தின் நகல் சேவையை அழைத்தால் அது திரைக்குப் போகும்.

எழுத்து எட்டின் மடங்கில் தொடங்கினால் வேலை சுலபம். தொடங்காது. எனவே 16 பிக்சல் அகலமுள்ள வரியை மூன்று பைட்டுக்குள் வைத்து வலப்பக்கம் நகர்த்த வேண்டும். இசட்80-க்கு ஒரு தடவையில் ஒரு பிட்தான் நகர்த்தத் தெரியும். ஐந்து நகர்த்த வேண்டும் என்றால் ஐந்து சுற்று. நகர்த்தியதை ஏற்கெனவே இருப்பதோடு 'ஆர்' செய்து (இரண்டில் எதில் கறுப்பு இருந்தாலும் கறுப்பு) வைத்துவிட்டால் பக்கத்து எழுத்து அழியாது, புள்ளியும் அப்படித்தான் ஒட்டுகிறது.

பெருக்கல் கட்டளையும் இந்தச் சில்லில் கிடையாது. எழுத்தின் எண்ணை 26-ஆல் பெருக்கினால்தான் படம் இருக்குமிடம் தெரியும். 26 என்பது 16-உம் 8-உம் 2-உம். எண்ணைத் தன்னோடு தானே கூட்டினால் இரட்டிப்பு. போகிற வழியில் 2 மடங்கையும் 8 மடங்கையும் எடுத்து வைத்துக்கொண்டு கடைசியில் 16 மடங்கோடு கூட்டிவிட்டால் முடிந்தது. வரி எண்ணை 12-ஆல் பெருக்குவதும் இதே போல, 8-உம் 4-உம். இந்த மாதிரிக் கணக்குகளில் ஒரு சுகம் இருக்கிறது. அதற்காகவே அசெம்ப்ளி எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேகம் பற்றிக் கவலையே வேண்டாம். ஓர் எழுத்துக்குச் சராசரியாக மூவாயிரம் சுழற்சி என்று கணக்கிட்டாலும், திரை நிறைய நாற்பத்தைந்து எழுத்துக்கு நொடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. நேரம் பிடிப்பது திரைச் சில்லுதான். அடுத்தடுத்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவே அதற்குச் சுமார் 10 மைக்ரோநொடி மூச்சு வேண்டும். நேரடியாகத் திரைக்கு எழுதி விளையாட்டு செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், முக்கியமாகப் பின்னாளில் வந்த சில கருவிகளில் திரைச் சில்லு இன்னும் மெதுவானது. நமக்கு நிற்கிற பக்கம்தானே, இயங்குதளத்தின் நகல் சேவையே போதும்.

கண்ணி வைத்தது போன்ற இடங்கள் வேறு சில உண்டு. ஐஒய் என்ற ரெஜிஸ்டரை (சில்லுக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவிடம்) இயங்குதளம் தன் கொடிகளை, அதாவது நிலைக்குறிகளை, பார்ப்பதற்காக வைத்திருக்கிறது. அதை மாற்றிவிட்டுத் திருப்பி வைக்காமல் சேவையை அழைத்தால், அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றும் ஆகாது, இல்லையென்றால் 'ரேம் கிளியர்ட்' என்று திரை வந்து நிற்கும். எனவே ஏற்றிய உடனே ஒரு பிரதியை ஆர்க்கைவில், அதாவது ஃபிளாஷில், போட்டுவிடுங்கள். ரேம் போனாலும் அது போகாது. ஆனால் ஆர்க்கைவில் இருப்பதை நேரடியாக ஓட்ட முடியாது, பிழைச்செய்தி வரும்; வெளியே எடுத்துத்தான் ஓட்ட வேண்டும்.

நிரலின் அளவுக்கும் ஒரு வேலி இருக்கிறது. இயங்குதளம் நிரலை 40341 என்ற முகவரியில் (இங்கே எண்கள் சாதாரணப் பதின்மத்தில்) கொண்டுவந்து வைக்கும். 49152-க்கு மேலே உள்ள இடத்திலிருந்து கட்டளை எதையும் ஓட்ட வன்பொருளே விடாது. கழித்தால் 8811 பைட். கட்டளைகளுக்குத்தான் இந்தத் தடை, தரவுக்கு இல்லை. ஆகவே கட்டளைகளை முன்னாலும் எழுத்துருவையும் உரையையும் பின்னாலும் வைத்தேன். இணைமொழிப் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் இந்த வேலியில் இடிக்காது.

விசைகளுக்கு இயங்குதளத்தின் வழக்கமான விசைச் சேவையைப் பயன்படுத்தவில்லை. அது காத்திருக்கும்போது யாராவது கருவியை அணைத்துவிட்டால் நிரல் பிடித்திருந்த நினைவகம் திரும்பக் கிடைக்காமல் போகும். பதிலாகப் பதினாறடிமானத்தில் 4018 என்ற எண்ணுள்ள எளிய சேவை. கீழ் அம்புக்கு 1, இடதுக்கு 2, வலதுக்கு 3, மேலுக்கு 4, கிளியருக்கு 15. ஒவ்வொரு பார்வைக்கும் நடுவே 'ஹால்ட்' கட்டளை போட்டால், வன்பொருள் தட்டி எழுப்பும் அடுத்த குறுக்கீடு வரை சில்லு ஓய்ந்திருக்கும், பேட்டரி மிச்சம். ஆனால் இந்த வழியில் தானாக அணையும் வசதி இல்லை. பையன் அப்படியே வைத்துவிட்டுப் போய்விடுவான் என்பதால், எந்த விசையும் தொடாமல் சில நிமிடம் போனால் நிரலே வெளியேறும்படி ஓர் எண்ணியைச் சேர்த்தேன்.

எமுலேட்டரில் சரியாக வந்தபின் கருவியில் ஏற்றினேன். முதல் பக்கத்தில் 'அல்லும் பகலும்', அடியில் பொருள், அதற்கும் கீழே ஒரு வாக்கியம். வலது அம்பு அடுத்தது. மேல் அம்பு பொருளை மறைத்துக் காட்டும், தன்னைத்தானே சோதித்துக்கொள்ள. திரையின் கருமையை வழக்கத்தைவிட இரண்டு படி ஏற்றினால் எழுத்து தெளிவாக இருக்கிறது. டிஐ-யின் சொந்த எழுத்தைவிட நம் எழுத்தில் மெல்லிய வளைவுகள் அதிகம்.

பையன் புரட்டிப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இந்த ழ மட்டும் மு மாதிரி இருக்கு" என்றான். உண்மைதான். 'வாழ்வு தாழ்வு' என்று வந்த பக்கத்தில் இரண்டு ழ-வும் தடுமாறின. ழ-வின் வாலை இடப்பக்கம் ஒரு பிக்சல் கூட்டி, மு-வின் வளைவை ஒரு பிக்சல் குறைத்தேன். இப்போது பரவாயில்லை. அவன் இதை வைத்துப் படிக்கிறானா என்றால், பட்டியலைவிடக் கருவியைத்தான் அதிகம் நோண்டுகிறான். நான்கு பைட் நிரலை அவனே தட்டி ஓட்டிக் காட்டினான்.

இதே கோப்பு 83 பிளஸிலும் எதையும் மாற்றாமல் ஓடும். அங்கே வேகம் 6 மெகாஹெர்ட்ஸ், ஆனாலும் பக்கம் திரும்புவதில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. சிஇ மாடலுக்குக் கொண்டுபோவது வேறு வேலை: 320-க்கு 240 வண்ணத்திரை, இசட்80-இன் தம்பியான இஇசட்80 சில்லு, அசெம்ப்ளி இல்லாமல் சி மொழியிலேயே எழுத ஆர்வலர்கள் செய்த கருவித்தொகுப்பு. அங்கே 7 பிக்சலில் எழுத்தை நசுக்கவேண்டிய அவசியமே இல்லை என்பதால் எனக்கு இப்போதைக்கு ஆர்வமும் இல்லை.

இங்கே பாக்கியிருப்பது ஸ்ரீ. யூனிகோடில் அதை ஸ வைத்தும் எழுதுகிறார்கள், ஶ வைத்தும் எழுதுகிறார்கள். பைத்தான் நிரல் இரண்டையும் ஒரே எண்ணாக்கிவிடும், அதில் சிக்கலில்லை. படம்தான் வரவில்லை. 16 பிக்சல் அகலத்துக்குள் நான் வரைந்ததெல்லாம் நண்டு மாதிரி இருக்கிறது. இந்த அளவில் யாராவது ஏற்கெனவே வரைந்து வைத்திருந்தால் அந்தப் பன்னிரண்டு வரியை அனுப்புங்கள், அப்படியே சேர்த்துவிடுகிறேன்.